கைக்குச் சேராத ஸ்டேப்ளர்

கூட்டத்தில் தலைமை சர்ஜன் சூர்யபிரகாஷ் சார் முதலில் ரூபினாவைத்தான் கேட்டார். எப்போதும் அப்படித்தான். முத்துமீனாவுக்கு வயிறு எரிந்தது.

மாட்டுத்தாவணிப் பக்கமிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். எந்தப் புதுக் கருவியையும் சர்ஜன்கள் கையில் பிடித்துப் பார்த்து, கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால்தான் வாங்குவார்கள். இந்த முறை, குடலை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர்.

"தையல் நல்லா விழுது சார். ஆனா பிடி பெருசு. ஒரு கையால அமுக்க முடியல," என்றாள் ரூபினா, கடையில் செருப்பு சேரவில்லை என்பதுபோல, கூச்சமே இல்லாமல்.

முத்துமீனாவுக்கும் அதே கதைதான். சோதித்துப் பார்த்த அன்று விரல் மரத்தே போனது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? ரூபினாவின் அண்ணன் டாக்டர், மாமா டாக்டர். அவள் முடியவில்லை என்றால் கருவியில் குறை. வாடிப்பட்டியில் களையெடுத்தவள் மகள் சொன்னால், இவளிடம்தானே குறை?

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று சார் இவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார். கை வலிக்குதுன்னா எதுக்கு சர்ஜரிக்கு வரணும்?"

"அடேயப்பா! அந்தக் கைய எனக்குக் கொஞ்சம் இரவல் குடுங்க மீனா," என்று ரூபினா சிரித்தாள். எல்லாரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். குத்தியது இவள், கூட்டம் அவள் பக்கம்.

முடிவு உடனே வந்தது. எல்லாருக்கும் புதுசு, ரூபினாவுக்கு மட்டும் இதுவரை இருந்த, பிடி சின்னதான பழசையே வரவழைப்பது.

அடுத்த வாரம் செல்லூர் முருகம்மாளின் வயிற்றைத் திறந்து நின்றாள் முத்துமீனா. நர்ஸ் பவதாரிணி உறையைப் பிரித்துப் புதுசை நீட்டினாள். முத்துமீனா அமுக்கினாள், பிடி பாதியில் நின்றது. மறுகையையும் கொடுத்தால் குடலைப் பிடிக்கக் கையில்லை. கருவியின் நுனி ஆடியது. தையல் கோணினால் கசியும். கசிந்தால் கிழவி பிழைக்க மாட்டாள்.

கருவியை வெளியே எடுத்தாள்.

"பவா, பழசு இருக்கா?"

"அது ரூபினா டாக்டருக்குன்னு வச்சிருக்கு. கேட்டுருவமா?"

பல்லைக் கடித்தாள். "கேளு."

ரூபினாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டாள் பவதாரிணி. "எடுத்துக்கங்க மீனா, இதப் போய்க் கேப்பாங்களா? சோதிச்ச அன்னிக்கு நீங்க விரல உதறுனதப் பாத்தேன். என் பேர்ல உங்களுக்கும் சேத்துத்தான் வரவழைக்கச் சொன்னேன். அத எல்லார் முன்னாலயும் சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

பழைய ஸ்டேப்ளர் உள்ளங்கையில் அடங்கியது. ஒரே அமுக்கு. தையல் நூல் பிடித்தாற்போல் விழுந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. கிழவி தப்பித்தாள்.

அதற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இவளுக்கோ, ரூபினாவைத் திட்ட இருந்த ஒரே காரணமும் போயிற்றே என்றிருந்தது. பெரிய மனசும் அந்தப் பணக்காரிக்கேதான் வாய்க்கணுமா?

"சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன், என் கைக்கும் சேரலன்னு," என்றாள், போனுக்குக் கேட்கும்படி.

"டாக்டர், அவங்க இன்னும் லைன்லதான் இருக்காங்க. தேங்க்ஸ் ஏதும்..."

"வை போனை."