மின்விசிறி: உண்டு

1

இந்தக் கதை நான் போட்ட ஒரு டிக்கிலிருந்து பிறந்தது. உண்மையில் நான்கு டிக். (கதை சொல்கிறவள் முதல் வரியிலேயே குறைத்துச் சொல்கிறாள், கவனியுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மண்டையைப் பிளக்கும் வெயிலில், படிவக் கட்டோடு ஏழைகளைத் தேடி அவள்…'

வேண்டாம். ஏழைகளைத் தேட யாரும் என்னை அனுப்பவில்லை. உதவித்தொகைப் பட்டியலிலிருந்து யாரைக் கழிக்கலாம் என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். வீட்டில் மின்விசிறி இருந்தால் ஏழை இல்லை என்பது விதி.

2

சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிற அக்கா வீடுதான் முதல் வீடு.

"ஐயோ, வேர்த்து ஊத்துதே! உள்ள வாம்மா."

குழாயடியில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பச்சை மேசை விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. டிக். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பச்சை, அதே ஒடிந்த கம்பி. நான்காவது வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்த வீட்டு வரிசைக்கே ஒரே விசிறி. விருந்தாளி எந்த வீட்டுக்கு வந்தாலும் அது அங்கே போய்விடும். எனக்கு முன்னால் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

(அந்தத் தெருவை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படித் தாங்கியதில்லை.)

3

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். வறுமை ஆளின் பழக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு கட்சி. அதை நம்பினால் அறிவுரை வகுப்பு நடத்தினால் போதும். வேலையும் கூலியும் அமைந்த விதத்தில் இருக்கிறது என்பது இன்னொரு கட்சி. அதை நம்பினால் அந்த அமைப்பையே மாற்ற வேண்டும். இரண்டு கட்சிக்கும் பட்டியல் தேவைப்படுகிறது. என் படிவத்தில் வீட்டுக்கு வீடு கட்டம் இருந்தது, வரிசைக்கென்று கட்டம் இல்லை.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"பேனாவுல போட்டாச்சுல்ல? திருத்தினா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. விடும்மா."

விட்டேன். (இந்த வரியை நீட்டி எழுதிப் பார்த்தேன். நீட்டினால் நியாயம் மாதிரி ஆகிவிடுகிறது.) நான்கு வீடுகளின் உதவித்தொகையும் போயிற்று.

4

முடிவு அ: அக்கா என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். எழுத ஆசைதான், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

முடிவு ஆ: அவள் மகளுக்கு நல்ல வேலை கிடைத்து… சே, புளுகு.

நடந்தது: போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா கையிலிருந்த சட்டையில் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அப்போ உன்னை வேர்க்க விட்டிருக்கணுமா?"

என் பதில் இங்கே வர வேண்டும். எத்தனையோ முறை எழுதி அடித்துவிட்டேன். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.