லாரிப் பட்டை போட்ட ஜீப்பு

என் வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதி வம்பு அவர் வாயால் வந்தது, மீதி வம்பு அவர் ஜீப்பால் வந்தது.

ஜீப்பு பழசு. என் மகன் பிரேம் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோது வாங்கினோம். இன்றைக்கு அவன் லாரி ஓட்டிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று சுற்றுகிறான், ஜீப்பு இன்னும் எங்கள் வாசலில் நிற்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலைமேல் குண்டனி நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தார் ரோடு இல்லை. கோயில் முக்கு வரைக்கும்தான் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் வரும். அங்கிருந்து ஊருக்கு வரும் கல்லுப் பாதையில் எங்கள் ஜீப்பை விட்டால் வேறு வண்டி ஓடாது. மிளகு, மரவள்ளி, பலாப்பழம், சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று சகலமும் அதில்தான்.

அந்தப் பாதையின் நடுவே ஒரு கல் உண்டு. ஆமைக்கல் என்போம். ஆமை மாதிரியே முதுகைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். ஆள் நிறைய ஏறியிருந்தால் ஜீப்பின் அடிவயிறு அதில் இடித்து உட்கார்ந்துவிடும். அதனால் கல் வந்ததும் என் வீட்டுக்காரர் தனபால், "எல்லாரும் எறங்குங்க சாமி" என்பார். எல்லோரும் இறங்குவார்கள். பாரம் குறைந்ததும் ஜீப்பு எழும்பிக் கல்லைத் தாண்டும். தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

என் மருமகள் தேன்மொழி மாசமானதும்தான் அது குறையாகத் தெரிந்தது. அவளுக்கு முதலில் தங்கியது கலைந்துபோனது. ரொம்ப நாள் கழித்து இது நின்றது. ஐந்தாம் மாசம் பரிசோதனைக்குப் போய்விட்டு மழையில் திரும்பும்போது, ஆமைக்கல்லில் எல்லோரோடும் அவளும் இறங்கினாள். சேற்றில் கால் வழுக்கி இடுப்போடு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் உதிரம் பட்டது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சரிவில் நடக்கவிடாதீர்கள், வண்டியில் குலுங்கவிடாதீர்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளை தங்காது.

"ஜீப்பத் தூக்கிர வேண்டியதுதான் புள்ள" என்றார் இவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்குகிற வில் பட்டைகளை மாற்றி உயரமாக்கிவிட்டால் ஆமைக்கல்லில் யாரும் இறங்கவே வேண்டாம் என்று விளக்கினார். இவரைத் தனியாக அனுப்பினால் யாரிடமாவது வாயைக் கொடுத்துவிட்டு வருவார் என்று நானும் நாமக்கல்லுக்குக் கூடவே போனேன்.

பட்டறைக்காரர் குழந்தைசாமி ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். மூன்று வழி சொன்னார். பட்டையை மாட்டியிருக்கும் கொக்கியை நீளமாகப் போடலாம், சீக்கிரம் முடியும், ஆனால் ஸ்டியரிங் ஆடும். கொண்டை ஊசி வளைவில் அது ஆகாது என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். இல்லையென்றால் வளைவு அதிகமுள்ள மெல்லிசுப் பட்டை, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம், சொகுசாகப் போகும். மூன்றாவது, இருக்கிற பட்டையோடு லாரிப் பட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டுவது.

"இத மட்டும் சொல்லுங்க" என்றார் குழந்தைசாமி. "வண்டி காலியா ஓடுமா, லோடோட ஓடுமா?"

இவர் சிரித்தார். "காலியாவா? எங்கூர்ல ஜீப்பு காலியாப் போனா நாயே கொரைக்கும்ங்க. உள்ள எடமில்லாம மேல ஒக்காந்துட்டு வருவாங்க."

"அப்பிடின்னா மெல்லிசு தாங்காது. லோடு ஏறுனா உக்காந்துரும், மறுபடி கல்லு இடிக்கும். லாரிப் பட்டைதான் சரி. ஆனா ஒண்ணு, காலியாப் போனா உதைக்கும்ங்க."

"காலியாப் போனாத்தான?" என்றார் இவர். நானும் ஆமாங்க என்று தலையை ஆட்டினேன். நாமக்கல்காரர்களுக்கு லாரிச் சாமான் என்றால் தெய்வம் மாதிரி. மகன் லாரி ஓட்டுகிறான் என்று எங்களுக்கும் அந்தப் பித்து உண்டு. லாரிப் பட்டையையே கட்டினோம். அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சர், பிரேக் டியூப் எல்லாம் மாற்றினார்கள். கடைச் சாமான் நிறைய ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தபோது ஜீப்பு தலை நிமிர்ந்து நின்றது.

அடுத்த சந்தையன்று வண்டி நிறைய ஆளும் மூட்டையுமாக ஆமைக்கல்லுக்கு வந்தோம். இறங்கிப் பழக்கப்பட்ட ஜனங்கள் தானாகவே எழுந்தார்கள். "யாரும் எறங்க வேண்டாம்" என்று இவர் ராஜா மாதிரி சொன்னார். ஜீப்பு கல்லை உரசாமல் தாண்டியது. உள்ளே ஒரே கைதட்டல். பரிசோதனைக்குப் போக வேண்டிய தேன்மொழி நடுவில் உட்கார்ந்திருந்தாள். "தூளியில போற மாதிரி இருக்குதுங்க அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அதைக் கெடுக்கத்தான் இவர் வாய் இருக்கிறதே.

பாதையோரத்து வீடு அத்தாயக்காவுடையது. நல்ல ஸ்தூல சரீரம். மனசும் அப்படித்தான், ஆனால் கோபக்காரி. ஜீப்பு உயர்ந்ததில் ஏறுகிற படியும் இடுப்பளவுக்குப் போய்விட்டது. அக்கா கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள், முடியவில்லை. மறுபடி தூக்கினாள். வண்டியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கை கொடுக்க எழுவதற்குள் இவர் முன்னாலிருந்து, "அக்கா, பாத்துங்க. நீங்க ஏறுனா லாரிப் பட்டையே உக்காந்துரும்" என்றார். உள்ளே கொல்லென்று சிரிப்பு.

அக்கா காலைக் கீழே வைத்தாள். முகம் சுண்டிப்போனது. "உன்ற ஜீப்புல இனி என்ற பொணங்கூட ஏறாது தனபாலு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டு நடந்தாள். அன்றிலிருந்து கோயில் முக்கு வரைக்கும் நடைதான். மழையிலும் நடந்தாள். நான் வீட்டுக்கு வந்து இவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஒரு தமாசுக்குச் சொன்னேன் புள்ள" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மன்னிப்புக் கேட்கப் போங்கள் என்றால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

தேன்மொழியை ஒன்பதாம் மாசம் பிறந்ததும் கீழே நாமக்கல்லில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்பே ஒரு நாள் காலையில் அடுப்படியில் நின்றவள், "அத்தை" என்றாள். பார்த்தால் பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். வலியும் எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம், கோயில் முக்குக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் வருகிற நர்ஸ் தெரசா போனிலேயே, "இடது பக்கமாப் படுக்க வைங்க. குலுங்காம கொண்டு வாங்கம்மா, குறைமாசம்" என்று இரண்டு தடவை சொன்னார். முன்பெல்லாம் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது அதற்குத் தோள் கொடுக்கிற இளவட்டமெல்லாம் திருப்பூரிலும் கேரளாவிலும் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பிள்ளைத்தாச்சி போகிற வண்டியில் வேறு யாரும் ஏற மாட்டார்கள். அவளுக்குக் காற்று வேண்டும், இடம் வேண்டும் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான். சந்தைக்கு ஏற்றியிருந்த மரவள்ளி மூட்டைகளைக் கூட ஆளுக்கொன்றாக இறக்கி வைத்தார்கள். மெத்தை விரித்தார்கள். "நல்லபடியாப் போயிட்டு வா கண்ணு" என்று எல்லோரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். பாசத்தில் செய்தார்கள், குற்றம் சொல்ல முடியாது.

ஜீப்பு முதல் கல்லில் ஏறியதும் உதைத்தது. சாதாரண உதை இல்லை. பின்பக்கம் தூக்கிப் போட்டதில் நான் மேல் கம்பியில் மோதினேன். தேன்மொழி மெத்தையோடு எழும்பி விழுந்து, "அய்யோ" என்று அலறினாள். அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் நான் கேட்டதே இல்லை. இவர் வேகத்தை இன்னும் குறைத்தார். அடுத்த கல்லிலும் அதே உதை.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

இவர் இறங்கி வந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "காலியாப் போனா உதைக்கும்னாரே" என்றார். இரண்டு பேரும் நின்றோம். முன்னால் போனால் உதை, பின்னால் போனால் ஊர். ஆமைக்கல் இன்னும் வரவே இல்லை.

தேன்மொழிதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "மாமா, அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்களே. அலுங்கவேயில்லீங்களே. ஆள ஏத்துங்க மாமா."

அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள், எங்கள் புத்திக்குள் இது போகவில்லை பாருங்கள். வலியில் துடிக்கிறவளுக்குத் தெரிந்தது. நான் வண்டியிலிருந்து குதித்து ஊரைப் பார்த்துக் கத்தினேன். "வாங்க, எல்லாரும் வாங்க, வந்து ஏறுங்க!" பிள்ளைத்தாச்சி வண்டியில் எப்படி ஏறுவது என்று முதலில் தயங்கினார்கள். வண்டிக்குப் பாரம் வேண்டும் என்று சொன்னதும் ஓடி வந்தார்கள். அர்த்தனாரி அண்ணன், அவர் சம்சாரம், பெருமாயி, சின்னுசாமி, இன்னும் யார் யாரோ. மெத்தையைச் சுற்றிச் சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். காற்று வர வேண்டும் என்று பக்கவாட்டுப் படுதாவைச் சுருட்டிக் கட்டினார்கள். ஆனால் பாதிப் பேர் அன்றைக்குக் காட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்களும் சோளத்தட்டை மாதிரி ஒல்லி. இவர் வண்டியை நகர்த்திப் பார்த்தார். பரவாயில்லை, ஆனால் பின்பக்கம் இன்னும் துள்ளியது. இறக்கி வைத்த மூட்டைகளைத் திரும்பப் போய்த் தூக்கி வர நேரமில்லை.

வண்டி நின்ற இடம் அத்தாயக்கா வீட்டு வாசல். அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இவர் என்னைப் பார்த்தார். இறங்கிப் போனார். அக்கா முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"அக்கா, ஜீப்புல வந்து ஏறுங்க்கா."

"எதுக்கு? நான் ஏறுனா பட்டை உக்காந்துருமேப்பா."

"உக்காரணும்னுதானுங்க்கா கூப்புடறேன்."

இவருடைய நீளமான வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வண்டிக்குள் தேன்மொழியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நவுரு" என்று நடந்து வந்தாள்.

படி அதே இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தது. இவர் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றத் தொடையைப் படியாக வைத்தார். "மிதிங்க்கா" என்றார். அக்கா மிதித்தாள். மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா உள்ளே வந்து பின்கோடியில் உட்கார்ந்ததும் வண்டி மெதுவாகத் தாழ்ந்தது, அதை உடம்பில் உணர முடிந்தது. தேன்மொழியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அழுவாத சாமி. நான் இருக்கறேன், ஒண்ணும் ஆகாது" என்றாள்.

ஜீப்பு கிளம்பியது. உதைக்கவில்லை. கல்லில் ஏறி இறங்கினால் அசைந்தது, அவ்வளவுதான். ஆமைக்கல் வந்தது. இத்தனை பாரத்தில் இடிக்குமோ என்று மெத்தையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடியில் கரகரவென்று ஒரு சத்தம், லேசாக உரசிவிட்டுத் தாண்டிவிட்டது. நான் அழுதுவிட்டேன். பெருமாயியும் அழுதாள்.

கோயில் முக்கில் ஆம்புலன்ஸ் நின்றது. தெரசா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "துடிப்பு நல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். பெண் பிள்ளை பிறந்தது, எடை கம்மி. கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். பிரேம் லாரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் ஜீப்போடு குழந்தைசாமி பட்டறைக்குப் போனார். லாரிப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பட்டை போடுவார் என்று நினைத்தேன். லாரிப் பட்டை அப்படியே இருந்தது. பின்பக்கம் மட்டும் புதிதாக இரும்புப் படிகள் பற்ற வைத்திருந்தார். ஒரு முழம் உயரத்துக்கு ஒன்று, அதன் மேல் இன்னொன்று, பிடித்துக்கொள்ளக் கம்பி.

பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்த அன்று ஆம்புலன்ஸ் இல்லை, பஸ்ஸில்தான் வந்தோம். கோயில் முக்கில் ஊரே ஜீப்போடு வந்து காத்திருந்தது. பச்சைப் பிள்ளை வருகிறதென்று இந்தத் தடவை ஒருவரும் ஒதுங்கவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு அத்தாயக்கா படியில் கால் வைத்தாள். ஒரு கால், மறு கால், யார் கையும் பிடிக்காமல் உள்ளே வந்தாள். பின்கோடியில் தன் இடத்தில் உட்கார்ந்து, தேன்மொழியிடம் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

இவர் முன்னால் சாவியைத் திருப்பாமல் காத்திருந்தார்.

"ஏப்பா தனபாலு" என்றாள் அக்கா. "பட்டை உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சுங்க்கா" என்றார் இவர்.

"அப்பறம் என்ன? எடு."