கையால் வாசித்த ஒன்பதாவது பாட்டு

தையல் மெஷின் மெக்கானிக் ஒரு பழைய கிட்டார் ஆல்பத்தைப் பதினேழு வருடமாகக் கேட்கிறார். ப்ளூஸ் இசையைப் பிழிந்து மயக்கத்தில் தோய்த்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். கிட்டார் எடுத்தவன் எவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பார்கள். இவர் தாண்டவில்லை, அங்கேயே குடியிருந்தார்.

அவருடைய மச்சான் ட்ரம்ஸ் அடிக்கும் குழு, சனிக்கிழமை அந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசிக்கிறது. லீட் கிட்டாருக்கு ஆள் இல்லை. அந்த இடம் கிடைக்குமா என்று பார்க்கத்தான் குழு ஒத்திகை பார்க்கும் மாடி அறைக்கு வந்திருந்தார். முடிவு பாடகியின் கையில்.

எட்டுப் பாட்டு ஒழுங்காகப் போனது. ஒன்பதாவதில் பாடகி கை காட்டி நிறுத்தினாள்.

"நடுவுல வர்ற கிட்டாருக்கு நீங்க சும்மா நில்லுங்கண்ணா. லேப்டாப்ல ஓட்டிக்கலாம்."

"ஏம்மா?"

"அது டேப்பைத் தலைகீழா, கடைசிலேருந்து முதலுக்கு ஓட்டினது. யாரும் கையால வாசிக்கல."

மெக்கானிக்கின் காது சூடாகியது. அந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒன்றுமில்லாததிலிருந்து ஊதிப் பெருகி, சட்டென்று அறுந்துபோகும். தந்தியைச் சுண்டும் ஓசையே கேட்காது. எப்பேர்ப்பட்ட விரல் என்று வியந்து வியந்து இரண்டு வருடம் பழகியிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் கையாலதான் கத்துக்கிட்டேன்."

மச்சான் குச்சிகளை மடியில் வைத்தான். "ரெண்டு வருஷமா எங்கக்கா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுச் சமைச்சது இதுக்குத்தானா மாமா?"

பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரர் சிரித்தேவிட்டார். பாடகி சிரிக்கவில்லை. "வாசிங்க, பாப்போம்."

கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மூடிவைத்துத் தந்தியைச் சுண்டினார். சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திறந்தார். சுரம் தூரத்திலிருந்து நடந்து வந்தது. உச்சியில் படக்கென்று மூடினார். அடுத்தது. அதற்கடுத்தது. மெஷின் ஊசி ஏறி இறங்கும் கணக்குக்கே பழகிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஓரிடத்தில் மட்டும் விரல் பிந்தி 'டிக்' என்று கேட்டுவிட்டது. நிற்காமல் வாசித்து முடித்தார்.

பேஸ்காரர் எட்டி அவருடைய சுண்டுவிரலைப் பார்த்தார்.

"ஒரு எடத்துல தட்டுது," என்றாள் பாடகி.

"தெரியும். அங்க எப்பவும் தட்டும்."

"தட்டட்டும். மனுஷன்னு தெரியணும்ல. சனிக்கிழமை அஞ்சு மணிக்கே வந்துருங்கண்ணா."

மச்சான் குச்சிகளை எடுத்தான். "திரும்ப ஒருக்கா வாசிங்க மாமா. நான் எங்க சேரணும்னு பாக்கறேன்."

"மெதுவாச் சேரு," என்றார் மெக்கானிக். குமிழை மூடினார்.