சாம்பல் புடவைக்காரி

மெட்டில்டாவுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். ஆனால் எந்தக் குழந்தையும் அவளைத் தெரிந்துவைத்திருக்கக் கூடாது என்பதுதான் அவள் பார்த்த வேலை.

மைசூரில் கல்லூரியின் பின்கட்டில், குழந்தைகளின் மனம் வளர்வதை ஆராயும் பிரிவு ஒன்றைப் புரொபசர் கேசவமூர்த்தி நடத்திவந்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். அந்த ஆய்வுக்கூடத்துக்கு மெட்டில்டா மேனேஜர். தாய்மாருக்குக் கடிதம் எழுதுவது, டாங்கா வண்டி அனுப்பி அழைத்துவரச் சொல்வது, சன்னபட்டணா மரப்பொம்மைகளைக் கழுவிக் காயவைப்பது, மாணவிகளைப் பழக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. கூடவே இன்னொன்றும் இருந்தது. தாய் எழுந்து வெளியே போனதும், சாம்பல் நிறப் புடவையில் அவள் உள்ளே வருவாள். சிரிக்காமல், பேசாமல் நாற்காலியில் உட்காருவாள். புதியவளைப் பார்த்துக் குழந்தை என்ன செய்கிறது என்று மெல்லிய திரைக்குப் பின்னால் இருந்து புரொபசர் குறித்துக்கொள்வார். பிறகு அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியேறுவாள். உடனே தாய் உள்ளே வருவாள்.

புதியவள் புதியவளாகவே இருக்க வேண்டுமே! அதனால் கடைத்தெருவில் அந்தக் குழந்தைகளைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் மோலியின் மகள் ஸ்டெல்லாவும் அந்த ஆராய்ச்சிக்கு வந்தவள்தான். மோலி மெட்டில்டாவுக்குச் சிநேகிதியாகிவிட்டாள். குழந்தையை மாணவிகளிடம் விட்டுவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்து சிரிப்பாள்.

"என் பொண்ணுக்கு நீதான்டி பூச்சாண்டி. நீ வந்தாத்தான் அவளுக்கு என் அருமை தெரியுது."

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் மோலியைக் கொண்டுபோய்விட்டது. ஸ்டெல்லா ஆராய்ச்சிக்கு வருவதும் நின்றது.

வருஷம் திரும்பியதும், மோலியின் கணவர் பர்னபாஸ் மெட்டில்டாவின் அண்ணனிடம் வந்து பெண் கேட்டார். ரயில்வே ஆபீஸில் வேலை; அதிர்ந்து பேசாத மனிதர். முப்பத்துநாலு வயதில் இப்படி ஒரு வாசல் திறக்கும் என்று மெட்டில்டா நினைத்ததே இல்லை. அவர் முகத்தைவிட முதலில் அவள் கண்ணில் நின்றது ஸ்டெல்லாவின் முகம். அந்தத் தலையை இனி வாரிவிடலாம். கோயிலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

பயமும் இருந்தது. புரொபசரிடமே கேட்டாள்.

"அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா சார்?"

"அப்போ ரெண்டரை வயசும் ஆகலையேம்மா. அந்த வயசுல பார்த்த முகம் தங்காது. தைரியமா போங்க" என்றார் அவர். அவளும் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நஜர்பாத்தில் இருந்த பர்னபாஸ் வீட்டுக்குக் கிளம்பும்போது, துணைக்கு வந்த அண்ணி கேலி செய்தாள்.

"மஞ்சள் புடவையா? நல்லவேளை! அந்தச் சாம்பலைச் சுத்திக்கிட்டுப் போனா மாப்பிள்ளையே அழுதிருப்பார்."

"சும்மா இருங்க அண்ணி."

"சிரிடி கொஞ்சம். இன்னிக்கு நீ சிரிக்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டாங்க."

ஸ்டெல்லா பாயில் உட்கார்ந்து பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள். அவள் அழவில்லை. கண்கள் அகல விரிந்தன, முகமெல்லாம் மலர்ந்தது. ஓடிவந்து மெட்டில்டாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா! நீ என்னமோ பயந்தியே" என்றாள் அண்ணி. பர்னபாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெட்டில்டாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. குழந்தை அவளை இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தது.

"உக்காரு. பேசாதே."

"ஏன் கண்ணு?"

"பேடா, வேண்டாம்! பேசாதே!"

தானும் பாய்க்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். ஒரு பொம்மையை எடுத்தாள், வைத்தாள். உதட்டைப் பிதுக்கி, கண்ணீரில்லாமல் கொஞ்சம் அழுது காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், மெட்டில்டாவைத் தவிர. அடுத்து வருவது என்ன என்று அந்த அறையில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

"ஆயித்து" என்றாள் ஸ்டெல்லா, முடிந்தது என்று கன்னடத்தில். "இப்போ நீ போ."

"எங்கடா செல்லம் போகச் சொல்றே?" என்றார் பர்னபாஸ்.

"வெளியே. இவ போனா அம்மா வருவாதானே?"

குழந்தை எழுந்துவந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. இத்தனை நாளாக இவள் வராததால்தான் அம்மாவும் வரவில்லை என்பது அந்தப் பிஞ்சு மனதின் கணக்கு. மெட்டில்டா எழுந்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்றைக்கெல்லாம் பர்னபாஸ் பின்னாலேயே வந்தார்.

"உள்ளே வாங்க மிஸ். சின்னப் புள்ளை. பழகினா மறந்துடுவா."

"மறந்துட்டான்னுதான் எங்க புரொபசரும் சொன்னாரு."

"அதுக்காக…"

"அவ கதவையே பார்த்துக்கிட்டு இருப்பா. நான் உள்ளே வந்தா, அம்மா இனிமே வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி. தினமும் வந்து நின்னு சொல்ற மாதிரி. என்னால முடியாதுங்க." கதவைக் காட்டினாள். "நீங்க சீக்கிரம் போங்க. கதவைத் திறந்துக்கிட்டு யாராவது வரணும் அவளுக்கு."

"அப்போ எப்போ வருவீங்க?"

தாய்மாருக்கெல்லாம் அடுத்த தேதியைச் சட்டென்று சொல்லிப் பழகியவள், இப்போது மடமடவென்று படியிறங்கினாள். அண்ணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அன்று முதல் முறையாக அவளுக்கும் கேலி வரவில்லை.

தெருவில் கொஞ்சதூரம் போனதும் மெட்டில்டாவால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ஜன்னலில், அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி ஸ்டெல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெட்டில்டாவை அவள் பார்க்கவில்லை. அவளையும் தாண்டித் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்த முகமாக.