அடுப்புச் சோதனையன்று வந்த பதவி உயர்வு

ராணுவ வீட்டைக் காலி செய்வதென்றால் அடுப்பைப் பளபளவென்று தேய்த்தே ஆக வேண்டும். எண்ணெய்க் கறை ஒன்று மிஞ்சினாலும் சோதனைக்கு வருகிறவர் உதட்டைப் பிதுக்கிவிடுவார். பிரிகேடியர் வீடானாலும் சரி, நேற்றுக் கல்யாணமான லெப்டினன்ட் வீடானாலும் சரி, சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டத்தைப் போட்டவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

என் கணவர் ஜைல்ஸை, அவர் ஏடனில் லெப்டினன்டாக இருந்தபோது கட்டிக்கொண்டேன். அப்புறம் சைப்ரஸ், பெல்ஃபாஸ்ட், திரும்பத் திரும்ப ஜெர்மனி. அவர் படிப்படியாக பிரிகேடியர் ஆனார். நான் ஊர் ஊராக அடுப்புத் தேய்த்தேன். உத்தரவு வந்த அன்று தொப்பியை மாட்டிக்கொண்டே, "வின்னி, பெட்டியக் கட்டு" என்பார். எந்த ஊருக்கு என்று நானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த முறை ஓய்வு. இங்கிலாந்தில் லட்லோ என்கிற சின்ன ஊரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தோம். நான் நடுகிற ரோஜா பூப்பதை நானே பார்க்கலாம். அந்தச் சந்தோஷத்தில் பாடிக்கொண்டே தேய்த்தேன். ஜைல்ஸ் பக்கத்துச் சுவரில் படம் மாட்டிய ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்துக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் காலத்துத் திருட்டுப் புத்தி அவரை விடவில்லை.

சோதனைக்கு வந்த டிரான்டர் டார்ச்சும் கையுமாக அடுப்பின் ரொட்டி சுடும் அறைக்குள் தலையை விட்டார். ஒரு தட்டை எடுத்து, "இது இன்னும் கொஞ்சம், மேடம்" என்று என்னிடம் நீட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் போய் மூக்கை உறிஞ்சினார்.

"சார், சுவரெல்லாம் புதினா வாசம் அடிக்குதே?"

"அப்படியா? எனக்கு ஜலதோஷம்" என்றார் ஜைல்ஸ். ஒரு படையையே நடத்தியவர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே!

"இப்ப எனக்கும் மூக்கடைச்சுக்கிச்சு சார்" என்று டிரான்டர் பெருந்தன்மையாக நகர்ந்தார்.

அப்போதுதான் லண்டனிலிருந்து போன் வந்தது. கூடத்தில் ஜைல்ஸ் பேசியது சமையலறைக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேஜர் ஜெனரலா? நானா?... அவருக்கு உடம்பு முடியலையா, அடடா... ஜெர்மனியா?"

அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டதென்று போன வருடம் தெரிந்ததும் அவர் தோட்டத்தில் வெட்டிய புல்லையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார், பாவம். இப்போது அது தேடி வந்திருக்கிறது, விடுவாரா? போச்சு என் லட்லோ என்று தட்டைப் பிராண்டினேன்.

"கொஞ்சம் லைன்ல இருங்க சார். என் மனைவிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. ஜைல்ஸ் வாசல்படியில் வந்து நின்றார்.

"வின்னி, மேஜர் ஜெனரல் பதவி தர்றாங்களாம். மறுபடியும் ஜெர்மனி. போலாமா?"

"உனக்கு ஆசையா இருக்கா?"

"இருக்கு. உங்கிட்ட எதுக்குப் பொய்?"

"நான் வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னு சொல்லிடுவேன்."

"நான் வேணா வெளிய நிக்கட்டுமா, மேடம்?" என்றார் டிரான்டர்.

"இங்கயே நில்லுங்க." ஜைல்ஸ் என்னைக் கேட்டார் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

நல்ல மனைவியென்றால் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பாள். இத்தனை ஊரில் நல்ல மனைவியாக இருந்து பார்த்தாகிவிட்டது.

"வேணாம் ஜைல்ஸ். எனக்கு லட்லோ போகணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுக்கப் போனார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை என் தலையில் போடுவார், போடட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மன்னிக்கணும் சார். எனக்குப் போதும். வீட்டுக்குப் போகணும்னு எனக்கே ஆசையா இருக்கு."

அவர் திரும்பி வந்ததும், டிரான்டர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று கரிக் கையோடு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.