கேட்காமல் போக வேண்டிய வீடு

ரத்த வங்கி கவுண்டரில் இருந்த சிஸ்டர் இளம்பரிதியிடம் மூன்றாவது முறையாக அதையே சொன்னாள்.

"ஓ நெகட்டிவ் எங்க கிட்ட ஒரு யூனிட்தாங்க இருக்கு. டாக்டர் ரெண்டு கேக்குறாரு. மூணு மணிக்குள்ள ஆளக் கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் முடிச்சு ராத்திரிக்குள்ள குடுத்துடலாம். தாண்டுச்சுன்னா நாளைக்கு ஆபரேஷன் இல்ல."

அப்போது மணி காலை பத்தரை. நாளைய ஆபரேஷனைத் தள்ளிப்போட அவன் அக்கா அம்பிகாவின் உடம்பில் தெம்பு இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, பதினாறு நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை. தம்பியின் ரத்தமும் கணவரின் ரத்தமும் அவளுக்குச் சேராது. ஒன்பது வருஷமாக ஜெர்மனியில் ஷூ மெஷின் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம்பரிதி, சேதி கேட்டு நாலு நாளுக்கு முன்புதான் வேலூருக்கு ஓடி வந்திருந்தான்.

சொந்தத்தில் ஓ நெகட்டிவ் ஒரே ஆள், பெரியப்பா மகன் தமிழ்வேந்தன். மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முந்தாநாளே இளம்பரிதி அவனுக்கு வாட்ஸப்பில் முறையாக எழுதியிருந்தான்: நோய் என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, எத்தனை மணிக்கு வந்தால் போதும். கடைசி வரியாக, 'முடியாவிட்டால் பரவாயில்லை அண்ணா, சங்கடப்பட வேண்டாம்.' 'சரி, வர்றேன்' என்று பதிலும் வந்தது. ஜெர்மனியில் ஒருவன் வருகிறேன் என்றால் சொன்ன நிமிஷத்துக்குக் கதவருகில் நிற்பான். அந்த நம்பிக்கையில் நேற்று முழுக்க இந்தக் கவுண்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். இன்று போன் அடித்தால் தமிழ்வேந்தன் எடுக்கவில்லை.

வார்டில் அம்பிகா சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தாள்.

"போன்லயா சொன்ன?"

"எல்லாம் விவரமா எழுதினேன்க்கா."

"இன்னாடா நீ. பத்திரிகைய போன்ல அனுப்புனா எவன்டா பந்திக்கு வருவான்? நேர்ல போய் நில்லு." மூச்சு வாங்கியது. "பெரியப்பா போனதுக்கு அவங்க வீட்டுப் படி ஏறினியா நீ?"

ஏறவில்லை. போன டிசம்பரில் அவன் ஊருக்கு வந்தபோது பெரியப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 'எப்போது வந்தால் உங்களுக்கு வசதி?' என்று தமிழ்வேந்தனுக்கு எழுதினான். பதில் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, மரியாதையாகவே, போகாமல் விமானம் ஏறிவிட்டான். இழவு வீட்டுக்கு யாரும் நேரம் கேட்டுக்கொண்டு போவதில்லை என்பது ஒரு காலத்தில் அவனுக்கும் தெரிந்ததுதான். எப்போது மறந்தான் என்பதுதான் தெரியவில்லை.

பஸ் பிடித்து மாதனூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. "லஞ்ச் பெல் அடிக்கட்டும் சார்." முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றான். பெல் அடித்ததும் பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு மரநிழலுக்குக் கலகலவென்று வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தமிழ்வேந்தன். இவனைக் கண்டதும் நின்றான்.

"வாங்க சார். அப்பாயின்ட்மென்ட் இல்லாம வந்துட்டீங்களே?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அண்ணா, அக்காவுக்கு..."

"படிச்சேன். முடியலன்னா பரவாயில்லன்னு போட்டிருந்த. எனக்கு முடியல. பரவாயில்லதான?"

"பரவாயில்லாம இல்ல!" குரல் உடைந்து கத்திவிட்டான் இளம்பரிதி. ஒன்பது வருஷத்தில் அவன் தெருவில் கத்தியதில்லை. "நீ வரலன்னா அவ செத்துடுவாண்ணா!" தமிழ்வேந்தனின் முழங்கையைப் பிடித்தவன் விடவில்லை. சிரிப்பு அடங்கியது.

தமிழ்வேந்தன் அவன் பிடியைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "போன தடவ நீ ஊருக்கு வந்துட்டேன்னு தெரிஞ்சு எங்கம்மா ஒரு வாரம் வாசலையே பாத்துனு இருந்துச்சு. நீ வசதி கேட்டு எழுதுற. துக்கத்துக்கு இன்னாடா வசதி? மொதல்ல வந்து அம்மாவப் பாரு. மத்தத அப்புறம் பேசலாம்."

வீடு பைக்கில் பத்து நிமிஷம். பெரியம்மா சௌந்தரம் இவனைப் பார்த்ததும் பெருங்குரல் எடுத்து அழுதாள். பெரியப்பா ராமலிங்கத்தின் மாலையிட்ட படத்துக்கு அடியில் அவனை உட்கார வைத்து, அந்த நாளை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டீ கேட்டது, சர்க்கரை ஜாஸ்தி என்று திட்டியது, தம்ளரோடு சாய்ந்தது. துக்கம் கேட்க வந்தவன் குறுக்கே பேசக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று தாண்டியது. ஒன்று பத்து. பெரியம்மாவின் கதையில் ஆம்புலன்ஸ் இப்போதுதான் தெருமுனை வந்திருந்தது. ஒன்று இருபது. இடையில் எழுந்தால் ரத்தத்துக்காகத்தான் வந்தான் என்றாகிவிடும். ரத்தத்துக்காகத்தானே வந்தான்? தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது. பெரியம்மா சொல்வது காதில் விழவில்லை; அக்காவின் கட்டிலுக்கு அடியில் காலையில் பார்த்த ரத்தம் ஊறிய துணிப் பொட்டலம்தான் கண்ணில் நின்றது.

தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

பெரியம்மா நிறுத்தினாள். "இன்னாடா, இப்படி அழுவுற?"

"அக்கா... பெரியம்மா, அம்பிகாக்கா..." அழுகையினூடே எல்லாவற்றையும் கொட்டினான்.

அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. மகன் பக்கம் திரும்பியபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"உனக்கு எப்படா தெரியும்?"

"முந்தாநாளு. நீ பேஜார் ஆவன்னுதான் சொல்..."

"வாய மூடு! நான் எடுத்து வளத்த பொண்ணு அங்க கெடக்குறா. நீ இவன இங்க ஒக்கார வெச்சி என் ஒப்பாரிய கேக்க வெக்கிறியா? போனவருக்கு நாளைக்கும் அழுவலாம்டா. எழுந்திருங்கடா ரெண்டு பேரும்!"

ஒன்று நாற்பதுக்குப் பைக் கிளம்பியது. ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே தமிழ்வேந்தன் முறுக்கிய முறுக்கில் பேச வழியில்லை. பள்ளிகொண்டாவைத் தாண்டியபோது ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பிக் கத்தினான். "கெட்டியாப் பிடிடா!"

கவுண்டரில் நின்றபோது இரண்டு முப்பத்தெட்டு. சிஸ்டர் படிவத்தை எடுத்தாள், பேனாவை நிறுத்தினாள். "சாப்டீங்களா?"

"இல்ல."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம். ஓடிப்போய் சாப்ட்டு வாங்க."

கேன்டீனில் இந்த நாலு நாளும் இளம்பரிதி வரிசையின் கடைசியில் போய் நின்று, ஆள் ஆளாக முன்னால் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது நாலு பேரைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டித் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிடுங்கினான். பின்னால் யாரோ திட்டினார்கள். நடைபாதைச் சுவரோரம் தமிழ்வேந்தன் நின்றபடியே அள்ளி அள்ளி விழுங்கினான். விக்கியது. இளம்பரிதி தண்ணீர் பாட்டிலை அவன் வாயில் வைத்து, மறு கையால் முதுகைத் தடவினான்.

"மெதுவாண்ணா," என்றான். "சீக்கிரம்," என்றும் சொன்னான்.

உள்ளே சிஸ்டர் பெயரைக் கூப்பிட்டாள். மூன்றாக இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. தமிழ்வேந்தன் எச்சில் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.