துரைசாணி வீட்டு விருந்தாளி

"குத்தாலத்துப் பேய்க்கு ஒரு கோடை முழுக்கப் பீங்கான் கோப்பையில தேயிலைத்தண்ணி ஊத்திக் கொடுத்த கைவே இது! சீனி ரெண்டு கரண்டி. ஒரு நாளாவது குறை சொல்லியிருக்குமா? கிடையாது."

இசக்கியப்பன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவருக்குக் கார் ஓட்டி ஓய்ந்த கை. எதிரே முறுக்கு தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு வேல்சாமி மெல்லுவதை மறந்தான். அவன் எதையும் நம்புவான்; அவன் நம்பி என்ன புண்ணியம்? அடுப்படியில் புளி கரைக்கிறாளே மனைவி சந்தனமாரி, அவள் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டால் இசக்கியப்பன் கண்ணை மூடத் தயார். அவளும் அதே துரை வீட்டில் வேலை பார்த்தவள், கூடவே இருந்தவள். பத்து வருஷமாக அவள் சொல்வது ஒரே பதில்தான்.

"குரங்கு."

"கேட்டியாவே? சீனி போட்டுக் குடிக்கிற குரங்கு!"

மர்டாக் துரை ரயில் பாலம் பார்க்க வந்த ஸ்காட்லாந்துக்காரர். தென்காசியில் பேச்சுத்துணை இல்லாத துரைசாணி சுவர்ப் பல்லியோடு பேசிப் பேசி, கடைசியில் பல்லியே 'குட்மார்னிங்' சொன்னது என்பது இசக்கியப்பன் கட்சி. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் இருவரும் குற்றாலம் கிளம்பிவிடுவார்கள். அங்கே பங்களா வராந்தாவில் டீக்கு மூன்று கோப்பை வைக்கச் சொல்வார் துரைசாணி. அவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாராவது வருவார்களாம். இங்கே யார் வருவார்?

ஒரு பங்குனி மாதம். அருவி நூலாக வடிந்துகொண்டிருந்தது. செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில், பாறை சுடுகிற வெயிலில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். துரைசாணி பிஸ்கட் கொடுத்தார். வாங்கிக்கொண்டு எழுந்தவள், "வாறேன் தாயி" என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் போய்விட்டாள்.

நம்மூரில் அதற்கு விடைபெறுகிறேன் என்று அர்த்தம். துரைசாணி படித்த தமிழில் வருகிறேன் என்றால் வருகிறேன்தான். முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க! நாளைக்கு வாங்க!" என்று காட்டைப் பார்த்துக் கூவினார்.

"அழைச்சா வராம இருக்குமா?" என்றார் இசக்கியப்பன்.

மறுநாள் மூன்றாவது கோப்பையில் இசக்கியப்பன் ஊற்றிவிட்டு உள்ளே போய்த் திரும்பினார். கோப்பை காலி. நாற்காலிப் பிரம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. துரை சிரித்தார். சந்தனமாரி குரங்கு என்றாள். அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு துரைசாணி கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அவங்க பேசினாங்க! நம்மளக் கூப்பிட்டாங்க! வீடு அருவிக்குக் கீழே!"

செண்பகாதேவி அருவிக்குக் கீழே வீடு ஏது? கசம்தான் இருக்கிறது, ஆளை விழுங்கினால் திருப்பித் தராத ஆழம். இசக்கியப்பன் சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளா? கடல் கடந்து வந்த பிறகு கிடைத்த முதல் அழைப்பு. துரைசாணி தொப்பி வைத்துக்கொண்டார். துரை கேக்கைத் தூக்கிக்கொண்டார்.

கசத்தில் அலையே இல்லை. விழுகிற அருவிக்குச் சத்தமும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து, பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுகிற மாதிரி, "வா தாயி" என்றது ஒரு குரல். துரைசாணி கால் வைத்தார். கணுக்கால், முழங்கால். துரை கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவரும் சேர்ந்து இறங்கினார். கேக் மிதந்தது.

"எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சுவே. 'அம்மா, வாறேன்னு சொல்லுங்க! சொல்லிட்டுத் திரும்புங்க!'ன்னு கத்தினேன். செங்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். கூட வந்த இந்தச் சந்தனமாரி பாய்ஞ்சு தோளைப் பிடிச்சுத் திருப்புனா."

"வாறேன்" என்றார் துரைசாணி, கரையைப் பார்த்து.

காலைப் பற்றியிருந்த பிடி விட்டது.

"அது தமிழ்ப்பேய்லா! வாறேன்னு சொல்லிக்கிட்டுப் போறவளை எந்த மொகத்த வச்சுத் தடுக்கும்? மரியாதை தெரிஞ்ச பேயி!" இசக்கியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடுத்த மாசமே மாத்தல் வாங்கிட்டு, துரையும் துரைசாணியும் ஊரைப் பாக்கப் போய்ட்டாக."

"அம்புட்டும் குரங்கு" என்றாள் சந்தனமாரி.

வேல்சாமி பயத்தோடு எழுந்தான். வெளியே சாரல் இறங்கியிருந்தது. "அப்ப வாறேன் மதினி."

"சரி."

வாசல்வரை போனவன் திரும்பினான். "மதினி, கேக்கேன்னு கோவிக்காதீக. வாறேன்னா, போயிட்டு வாங்கன்னுதான எல்லாரும் சொல்லுவாக? நானும் இத்தனை வருசமாப் பாக்கேன். யாரு சொன்னாலும் நீங்க 'சரி'யோட நிறுத்திருதீகளே. 'வா'ன்னு உங்க வாயில வந்ததே இல்லையே?"

இசக்கியப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. பத்து வருஷமாகக் கூடவே இருந்து அவர் கவனிக்காதது.

சந்தனமாரி புளிக்கையை உதறினாள். ஈர வாசலைப் பார்த்தாள்.

"இவுக ஊத்தத்தான செஞ்சாக" என்றாள், குரல் இறங்கி. "கழுவுனது நான். ஒவ்வொரு ஞாயிறும் மூணாவது கோப்பைக்கு அடியில ஆத்துமணல் கெடக்கும். கடைசி ஞாயித்துக்கெழமை மணலோட ஒரு பல்லும் கெடந்திச்சு. நடந்ததுதான்யா. எல்லாம் நடந்ததுதான்."